பட்டுக்கு மேல் பிடித்த நாடி

நீங்கள் இப்போது சப் அசிஸ்டென்ட் சர்ஜன் என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். எங்கள் காலத்தில் அதற்கு ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட் என்று பெயர். ஆரணிக்காரர்கள் அதையும் சொல்லவில்லை. என்னை ‘டிரெஸர்’ என்றார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவனுக்கு உள்ள பெயர் அது. ஆனாலும் ஊருக்கு அது வசதியாக இருந்தது. ‘ஐயா’ என்றால் எனக்கு மரியாதை கொடுத்ததாகிவிடும். பெயர் சொன்னால் சர்க்கார் உத்தியோகஸ்தனை அவமதித்ததாகிவிடும். ‘டிரெஸர்’ என்பதில் இரண்டு தொல்லையும் இல்லை.

உங்களில் சிலருக்குத் தாலுகா டிஸ்பென்சரிகளுக்கு உத்தரவு வந்திருக்கிறது. போகும் முன் என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். மருந்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் கொடுத்த மருந்துகளில் பாதியை இப்போது யாரும் கொடுப்பதில்லை. நோயாளியை எப்படித் தட்டிப் பார்ப்பது, எங்கே அமுக்கிப் பார்ப்பது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எந்த நோயாளி உங்களைத் தொட விடுவார் என்பதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நான் பெரணமல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவன். அப்பா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானதால் மிஷன் பள்ளிக்கூடம் கிடைத்தது. அதிலிருந்து பட்டணம், அதிலிருந்து இந்த வேலை. ஆரணியில் இருந்தபோது பட்டணத்து வாரப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்க் கடிதமும் எழுதிவந்தேன். கண்டதைக் கண்டது என்று எழுது, கேட்டதைக் கேட்டது என்று எழுது, இரண்டையும் கலக்காதே என்பது அந்த ஆசிரியரின் சட்டம். நோயாளிகளிடமும் அதையே கடைப்பிடித்தேன். கீழே சொல்லப்போவதில் நான் நேரில் காணாத இடங்களை அப்படியே குறிப்பிட்டுவிடுகிறேன்.

ஊர் எப்படி இருந்தது என்பதற்கு முதலில் ஒன்று. களம்பூரில் ஒரு நெல் வியாபாரிக்கு முதுகில் ராஜபிளவைக் கட்டி. கத்தி வைக்கச் சம்மதிக்கவில்லை. மருந்தை மதில்மேல் வைத்துவிட்டு நான் பின்வாங்க வேண்டும். அவர் ஆள் வந்து எடுத்துக்கொள்வான். கட்டி தானாக உடைந்து பிழைத்துக்கொண்டார். நன்றி மறக்காதவர். ஒரு தார் வாழைப்பழம் அனுப்பினார். அதுவும் அதே மதில்மேல் இருந்தது.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம், ஆள் பிழைத்ததால்.

இனி ஏகாம்பரத்தின் தாயார் விஷயம்.

ஆரணிக்குப் பக்கத்தில் களம்பூருக்கு ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஏகாம்பரம் ஆரணிப் பட்டு நெசவுக்காரன், முப்பது வயதிருக்கும். ஒரு காலையில் டிஸ்பென்சரி வாசலுக்கு வெளியே வந்து நின்றான். மற்றவர்கள் போகும்வரை நின்றான். நான் வெளியே வந்தபின் என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துப் பேசினான்.

“எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. வந்து பாக்கணும்.”

“இங்கே கூட்டி வரலாமே.”

“நடக்க முடியல. நாலு அடி வெச்சா மூச்சு வாங்குது.” குரலைத் தாழ்த்தினான். “பல்லு வெளக்குனா ரத்தம் வருது. காலையில தலகாணி செவப்பா கீது. வவுத்துல இடது பக்கம் கல்லு மாதிரி ஒண்ணு வளந்துகினே வருது. வைத்தியரு அதுமேல அட்டை விடறேன்றாரு. எனக்குப் பயமா கீது.”

“ஏன்?”

“இருக்கிற ரத்தமே கொஞ்சம். அதையும் அட்டைக்குக் குடுத்துட்டா அவளுக்கு இன்னா மிச்சம்?”

படித்தவர்கள்கூட என்னிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. வீட்டில் சம்மதமா என்றேன்.

“மாமா ஒத்துக்கினாரு. ஆனா…”

“தொடக் கூடாது.”

“பட்டு போட்டுத் தொடலாம்ன்றாரு,” என்றான். பெரிய சலுகையை வாங்கி வந்தவன் மாதிரி அப்போதுதான் என்னைப் பார்த்தான்.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். பருத்தியில் தீட்டு ஏறும், பட்டில் ஏறாது என்பது வழக்கம். பருத்திப் புடவையை யாராவது தொட்டுவிட்டால் நனைத்துப் பிழிய வேண்டும். பட்டு எத்தனை கை மாறினாலும் பட்டுதான். ஆகவே என் கைக்கும் நோயாளியின் கைக்கும் நடுவில் பட்டு இருந்தால் நான் தொட்டதாகக் கணக்கில்லை. நெசவுத் தெருவில் பட்டுக்குக் குறைவில்லை.

தெருப்பக்கம் என்னை விடவில்லை. சந்து வழியாகத் தோட்டத்துக்கு அழைத்துப்போனான். புழக்கடையில் கயிற்றுக் கட்டிலில் அவன் தாய் தாயம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். அறுபது தாண்டியவள். மெழுகு நிறம். கண் மட்டும் உயிரோடு இருந்தது. பக்கத்தில் அவள் தம்பி கன்னியப்பன். தாய் இல்லாத தம்பியை அவள்தான் வளர்த்தாள். பிறகு அவர் மகளையே ஏகாம்பரத்துக்குக் கட்டி வைத்தாள். வீடும் தறிகளும் அவருடையவை. அந்தத் தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சற்றுத் தள்ளி நாட்டு வைத்தியர், அட்டைப் பானையோடு.

கன்னியப்பன் என்னிடம் பேசவில்லை. ஏகாம்பரத்திடம் பேசினார். “அவர அந்தத் துளசி மாடத்துக்கு இந்தாண்ட நிக்கச் சொல்லு.” பிறகு அன்றைக்குத் தறியிலிருந்து அறுத்த புடவை ஒன்றைப் பிரித்தார். அரக்குச் சிவப்பு, அகலச் சரிகை. அதை அக்காளின் கைமேலும் வயிற்றுமேலும் போர்த்திய பிறகே என்னைக் கட்டிலருகே விட்டார்.

தாயம்மாள் புடவையைப் பார்த்தாள். “ஏன்டா கன்னியப்பா, அம்பது வருசமா இழை எடுத்தேன். ஒரு நாளாவது ஒண்ண எம்மேல போட்டியா? நாடி பாக்கவா போடற?”

“சும்மா இரு அக்கா.”

“போட்டதுதான் போட்ட, மடிப்பு கலையாம போடு. அப்புறம் எவ வாங்குவா?”

வைத்தியர் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருப்பேன்; கன்னியப்பன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பட்டுக்கு மேல் நாடி தெரியும். சரிகை இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்தால் நன்றாகவே தெரியும். வயிற்றுக் கட்டியும் தெரிந்தது: மண்ணீரல், தொப்புளைத் தாண்டி இறங்கியிருந்தது. ஆனால் முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, உள்ள பிரதேசத்தில் பாதிப் பேருக்கு மண்ணீரல் வீங்கித்தான் இருக்கும்; கொயினா கொடுத்தால் இறங்கும். அதற்கும், ரத்தமே கெட்டு வெள்ளையணுக்கள் பெருகிப்போகும் அந்த இன்னொரு நோய்க்கும் வித்தியாசம் காணத் தோலைப் பார்க்க வேண்டும், அமுக்க வேண்டும், கழுத்தடியிலும் அக்குளிலும் விரல் விட வேண்டும். சிவப்புப் பட்டுக்கு அடியில் தோல் என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? காலைக் காட்டச் சொன்னேன். “பொம்பள கால எதுக்கு?” என்றார் கன்னியப்பன், ஏகாம்பரத்திடம்.

ஒரு சொட்டு ரத்தம் கேட்டேன். வேலூரில் மைக்ராஸ்கோப் வைத்திருந்த டாக்டர் ஒருவரை எனக்குத் தெரியும். ஊசியை அனலில் காட்டி ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். அவனே தாயின் விரல் நுனியில் குத்தினான். இழை கோக்கிற கை, நடுங்கவில்லை. கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவிக் காட்டச் சொன்னேன், தடவினான். கன்னியப்பன் உடனே கையைப் புடவையால் மூடிவிட்டார். பிறகு பேச்சு அட்டைக்குப் போனது. விட வேண்டாம் என்றேன். எத்தனையோ கட்டிக்கு விட்டிருக்கிறேன், இறங்கியிருக்கிறது என்றார் வைத்தியர். அது பொய்யல்ல. நான் சொன்னதற்கோ என் கையில் ஆதாரம் இல்லை. பேச்சு நீண்டது.

நடுவில் தாயம்மாள், “கை ஜில்லுனு கீதுடா,” என்றாள்.

“காத்து, அக்கா,” என்றார் தம்பி.

புடவையைத் தூக்கச் சொன்னேன். பார்வைக்கு அதில் ஒரு மாற்றமும் இல்லை. அதே அரக்குச் சிவப்பு. ஏகாம்பரம் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். கனத்தது. அடியிலிருந்து சாணம் மெழுகிய தரையில் சொட்டியபோதுதான் அது ரத்தம் என்று எல்லாரும் கண்டோம். ஓர் ஊசிக் குத்து. அவ்வளவு நேரமும் நிற்காமல் வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தத் துணி வெள்ளை வேட்டியாக இருந்தால் முதல் நிமிஷத்திலேயே கண்டிருப்போம்.

வைத்தியர்தான் முதலில் எழுந்தார். அட்டைப் பானைக்குத் துணியைக் கட்டினார். “என் அட்டைக்கு வாய எடுக்கத் தெரியும். இந்த ரத்தத்துக்கு நிக்கத் தெரியல. நான் இதுல கை வெக்கல,” என்றார். யோக்கியமான மனிதர். கடைசிவரை அந்த வீட்டில் என் பக்கம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

படிகாரம் வைத்து அழுத்தி, நீண்ட நேரத்துக்குப் பிறகு விரலில் ரத்தம் நின்றது. அழுத்தியவன் ஏகாம்பரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் கண்ணாடித் துண்டோடு வேலூர் போனோம். களம்பூர் ஸ்டேஷன்வரை அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். ரயிலில் ஒரே பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ரயிலில் யார் யார் என்று கேட்பதற்கு ஆளில்லை. வேலூரில் டாக்டர் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். கண்டதைச் சொல்கிறேன்: சிவப்பணு இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் வெள்ளையணு அடைத்துக்கொண்டிருந்தது. சந்தேகத்தோடு போனேன், சந்தேகமில்லாமல் திரும்பினேன். டாக்டர் பாஷாணம் கலந்த சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்து, “கட்டி கொஞ்சம் சுருங்கும். வேறு ஒன்றும் எதிர்பார்க்காதே,” என்றார்.

திரும்பும் ரயிலில் ஏகாம்பரம் கேட்டான். “பொழைப்பாளா?”

“மாட்டார்கள்.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். “எவ்ளோ நாளு?”

“மாசக் கணக்கு. எங்காவது ரத்தம் உடைத்துக்கொண்டால் அன்றைக்கே.”

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். வேப்பங்குச்சி வேண்டாம், விரலில் துணி சுற்றிப் பல் துலக்கட்டும், சோற்றைக் குழைத்துக் கொடு, விழாமல் பார்த்துக்கொள், சூடாக எதுவும் வேண்டாம். அவன் உதடு அசைத்து மனப்பாடம் செய்தான். பிறகு நான் ஒன்று கேட்டேன். அதை நீங்களும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

“ரத்தம் உடைத்துக்கொண்டால் பட்டுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. நான் தொட வேண்டியிருக்கும். தொட்ட பிறகு உன் வீட்டில் உன் தாயாருக்கு என்ன ஆகும்?”

“நான் பாத்துக்கறேன்.”

“வீடு உன்னுடையது இல்லையே.”

“அவ என் அம்மா. நான் பாத்துக்கறேன்றேன் இல்ல?” கோபமாகவே சொன்னான். களம்பூரில் இறங்கியதும் மறுபடி முன்னால் நடக்கத் தொடங்கினான்.

பார்த்துக்கொண்டான், அதில் குறையில்லை. மகன்கள் தாயைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது மனைவி செய்வதற்கு மகன் வாங்கும் பெயர். இவன் தானே செய்தான். தறிக்குழியிலிருந்து எழுந்துபோய் வாய் கொப்பளிக்க வைப்பான். ரத்தக் கறைத் துணியைத் தானே கிணற்றடியில் துவைப்பான். ஆண்பிள்ளை துவைக்கிறான் என்று தெருப்பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் போகும்போதெல்லாம் அந்த அரக்குப் புடவை வந்தது, நாடி பார்த்தேன், போனேன். சொட்டு மருந்தைப் பற்றித் தாயம்மாள், “விஷம்னு சொல்லியே விஷம் குடுக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்,” என்றாள். கட்டி கொஞ்சம் சுருங்கியது. ஒரு வாரம் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து மருமகளுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தாளாம். இது கேட்டது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் ஏகாம்பரம் ஓடி வந்தான். இந்த முறை வாசலுக்கு வெளியே நிற்கவில்லை. “மூக்கால கொட்டுது. ஜல்தி வாங்க.” ‘வாங்க’ என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

போனபோது கட்டிலடியில் பித்தளைத் தாம்பாளம் வைத்திருந்தார்கள். அதில் பாதி நிறைந்திருந்தது. துளசி மாடத்துக்கு இந்தப்புறம் நின்றேன். பழக்கம் அப்படி நிற்க வைத்தது. ஏகாம்பரத்துக்கு அங்கிருந்தே சொன்னேன். சொல்வது போதாமல் என் மூக்கிலேயே துணித்திரியை விட்டுக் காட்டினேன். அவன் என்னைப் பார்ப்பான், தாயைப் பார்ப்பான், திணிப்பான். முன்பக்கம் அடைத்தான். நின்றது போலிருந்தது. பிறகு அவள் இருமி வாய் வழியாகக் கொப்பளித்தாள். ரத்தம் பின்பக்கமாகத் தொண்டைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

பின்பக்க அடைப்பைக் கண்ணால் காட்டிக் கற்றுக்கொடுக்க முடியாது. ரப்பர்க் குழாயை மூக்கில் விட்டு, வாயில் இழுத்து, நூல் கட்டி, பஞ்சை மேலே ஏற்ற வேண்டும். இரண்டு விரல் அவள் அண்ணத்துக்குப் பின்னால் போக வேண்டும். என் விரலுக்குத் தெரிந்ததை அவன் விரலுக்கு அந்த நேரத்தில் எப்படிக் கொடுப்பது? நான் கால் எடுத்து வைத்தேன்.

கன்னியப்பன் குறுக்கே வந்தார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினார். அதட்டவில்லை. கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். “தெருவே பாத்துகினு கீது. மேல போட்டுச் செய்யுங்க.” கையில் அந்தப் புடவை. அதை அவள் முகத்தின் மேலேயே போடப் போனார்.

தாயம்மாளால் பேச முடியவில்லை, வாயெல்லாம் ரத்தம். புடவையைப் பிடித்து இழுத்துத் தரையில் எறிந்தாள். எறிந்த கையை எடுத்துக்கொள்ளாமல் என் பக்கம் நீட்டினாள். வெறுங்கை. மணிக்கட்டு முழுவதும் ஊதாப் புள்ளிகள். இத்தனை மாதத்தில் அவற்றை அன்றுதான் கண்டேன்.

அவரை ஒதுக்கிவிட்டுப் போனேன். ஏகாம்பரம் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். என் பையில் நூல் போதவில்லை. தறிக்கு ஓடி முறுக்கின பட்டு இழை அறுத்து வந்தான். அது அறுபடாது. அடைத்தேன், கட்டினேன். மெதுவாக நின்றது. அவள் கண்ணைத் திறந்தபோது என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை.

மதிலுக்கு மேல் தலைகள் தெரிந்தன. கன்னியப்பன் அவற்றைப் பார்த்தார், அக்காளைப் பார்த்தார். “உசுரு நின்னுது. சந்தோசம்,” என்றார். உண்மையாகவே அழுதார். பிறகு மருமகனிடம், “கட்டில மாட்டுக் கொட்டாய்க்கு மாத்து. இனி அடுப்படிப் பக்கம் வரக் கூடாது,” என்றார்.

“மாமா, தீட்டுக் கழிச்சிடலாம். இன்னா செலவோ நான்…”

“கழிக்கிற தீட்டா இது? வாய்க்குள்ள கை போச்சுடா. நாலு பேரு பாத்துட்டாங்க. நாளைக்கு நம்ம வூட்டுப் பாவ எவன் தொடுவான்?”

பாவு என்றால் தறியில் ஏற்றும் நீள இழை. அதைத் தெருவில் விரித்துப் பசை போட எட்டுப் பத்து வீட்டு ஆட்கள் கைகொடுக்க வேண்டும். அவர்கள் வராவிட்டால் தறி நிற்கும். அந்தப் பயம் பொய்யல்ல. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். ரயிலில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அவன் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையைத் தூக்க ஆள் வரவில்லை. நான் தூக்கினேன்.

அன்று நீட்டிய அந்தக் கையை நான் பிடிக்காமல் இருந்திருந்தால் அவள் மாலைக்குள், வீட்டு நடுவில், தம்பியும் மகனும் மருமகளும் சுற்றி உட்கார்ந்திருக்கப் போயிருப்பாள். அடைத்ததால் புரட்டாசிவரை இருந்தாள். மாட்டுக் கொட்டகையில். தனித் தட்டு, தனிச் செம்பு. மருமகள் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். இழை எடுக்கும்போது கூட உட்கார்ந்து கதை பேசிய தெருப்பெண்கள் ஒருத்தியும் வரவில்லை. ஏகாம்பரம் தன் சோற்றை எடுத்துக்கொண்டு வந்து அங்கேயே சாப்பிட்டான். “போடா, உம்பொண்டாட்டி காத்துகினு இருப்பா. எனக்குத் துணைக்கு மாடு கீது, அது உன்னவிட நல்லா கேட்டுக்குது,” என்பாள்.

கன்னியப்பன் தினமும் இளநீர் கொண்டுவந்தார். கொட்டகை வாசலில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார்.

ஒரு நாள் அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “உனக்கு மூக்கு சிந்தி விட்டவடா நான். கையாலதான் சிந்தினேன். பட்டு போட்டு இல்ல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளும் இளநீர் வந்தது. அதே இடத்தில் வைத்தார்.

என்னை இப்போது அவள் ‘தம்பி’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். தடையில்லாமல் நாடி பார்த்தேன், கால் பார்த்தேன், கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நோயைப் பற்றி முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியதெல்லாம் இப்போது தெரிந்தது. கெடுப்பதற்கு இனி அவளிடம் ஒன்றும் இல்லை என்று ஆனபின்தான் என் வைத்தியத்துக்கு அனுமதி கிடைத்தது.

நீங்கள் கேட்பீர்கள்: அப்படியானால் தொட்டிருக்கக் கூடாதா? தொட வேண்டும். அவள் கை நீட்டினாள். அதற்குமேல் யாரிடம் கேட்பது? நாளைக்கே அப்படி ஒரு கை நீண்டால் இந்தக் கிழ விரல்களோடு இப்போதும் போவேன். ஆனால் ரத்தம் நின்றதும் கேஸ் முடிந்தது என்று பையைக் கட்டாதீர்கள். நீங்கள் கை எடுத்த இடத்தில் வீடு கை வைக்கும். அது எப்படி வைக்கும் என்பதை முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கேட்டாலும் பல சமயம் பலன் இருக்காது. எனக்கு இருக்கவில்லை.

அவள் இறந்த அன்று காலையில் போனேன். உடலைக் குளிப்பாட்டி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிணத்துக்கு வாசல்வரை அனுமதி உண்டு. நான் தெருவின் மறுபக்கம் நின்றேன். கன்னியப்பன் வந்தார். அக்காளின் கால்மேல் அந்த அரக்குப் புடவையை விரித்தார். அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, நெற்றியையும் வைத்து, எழுந்திருக்க முடியாமல் அழுதார். இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. பிறகு புடவையை மடித்து எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஆரணிக் கடிதத்தில் இதை முழுவதும் எழுதி அனுப்பினேன், ஒரு பெயரும் போடாமல். பத்திரிகையில் மழையும் பட்டு விலையும் வந்தன. ஆசிரியரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் சந்தாதாரர்களும் வீடு வாசல் உள்ளவர்கள்.

சில நாள் கழித்து ஏகாம்பரம் டிஸ்பென்சரிக்கு வந்தான். மீந்த சொட்டு மருந்துச் சீசாவைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். வாசலுக்கு வெளியே நின்றான். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. சீசாவை மதில்மேல் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். துடைத்ததை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவன் முகம் சுண்டிப்போனது.

“தறி ஓடுதா?” என்றேன்.

“ஓடுது. பாவுக்கு எல்லாரும் வந்தாங்க.” கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்தான். “அந்தப் பொடவ வித்துப்போச்சு, டிரெஸரே. மாமா ஆத்துல அலசிப் பெட்டி போட்டு வெச்சிருந்தாரு. யாரோ கல்யாண வூட்டுக்காரங்க. மொகூர்த்தத்துக்கு.”

“கறை?”

“செவப்புல எங்க தெரியும்?” என்றான்.